டயாலிசிஸ் வெளிநீரையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

இடக்கை, வலக்கை போல இரு வடிவில் அமையும் கைரல் கார்பன் புள்ளிகள் (ஒளிரும் மிக நுண்ணிய கார்பன் துகள்கள்) செல்களைப் படம்பிடிக்க உதவும் என்ற தங்கள் நாளிதழ்ச் செய்தி கண்டேன். நீல ஒளிர்வை மட்டும் வைத்து வெற்றி என்பது அவசரம். இவற்றைச் செய்ய சிட்ரிக் அமிலத்தையும் எல்-சிஸ்டீன் என்ற கைரல் அமினோ அமிலத்தையும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் சூடாக்கினால், புள்ளிகளோடு நீலமாக ஒளிரும் சிறு மூலக்கூறு ஒன்றும் உண்டாகிறது. வினைபுரியாத சிஸ்டீன் கொஞ்சம் தங்கினாலே கைத்தன்மையை ஒளியால் அறியும் சர்க்குலர் டைக்ராயிசம் கருவி 250 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே கைரல் குறி காட்டிவிடும். சூடு மிஞ்சினாலோ, முறுகிய கருப்பட்டிப் பாகு மாதிரிதான், கைத்தன்மையே குலையும்.

விளைந்த கரைசலை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 1,000 டால்டன் (மூலக்கூறு எடை அளவு) டயாலிசிஸ் பையில் இட்டு நீரில் வைத்தால், பையைச் சுற்றியுள்ள முதல் நாள் வெளிநீரே புற ஊதா விளக்கில் நீலமாக மின்னுவதை ஆய்வகத்தில் காணலாம். நெல்லைக் கல்லூரி ஆய்வகங்கள் அந்த நீரையும் அளந்து, எதிர்க்கை வடிவமான டி-சிஸ்டீனில் செய்த ஜோடி மாதிரியின் எதிர்க்குறி நிறமாலையையும் சேர்த்தே முடிவை வெளியிட வேண்டும்.

– வேதியியல் ஆசிரியர், பாளையங்கோட்டை