பெற்றோர் சங்க ஆண்டறிக்கை, குன்னூர்

தலைவர் அவர்களுக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் நம் உழைப்பில் பெரும்பகுதி, பிள்ளைகளுக்குச் சமூகத் திறன் பழக்கும் சனிக்கிழமைக் குழுவுக்கே போயிற்று. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு அவர்களுடைய அண்ணன் தங்கைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். ‘தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் வருமே’ என்று புதிய பெற்றோர் கேட்கிறார்கள். பேச்சுப் பயிற்சியைத் தனியாகத் தரலாம். தன் முறை வரும்வரை காத்திருப்பதை ஒரு பிள்ளை தனியாக இருந்து எப்படிப் பழகும்?

லெகோ நேரம்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூவர் சேர்ந்து லெகோ துண்டுகளால் ஒன்றைக் கட்ட வேண்டும். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் துண்டைத் தேடித் தருவார், மூன்றாமவர் பொருத்துவார். பிறகு வேலை மாறும். கேட்காமல் துண்டு கிடைக்காது, கவனிக்காமல் தர முடியாது. பேச்சு வராத பிள்ளைகள் பட அட்டையைக் காட்டிக் கேட்கிறார்கள். படுகு பேசுபவர்களும் தமிழ் பேசுபவர்களும் ஒரே மேசையில் இருப்பதால் அட்டையில் எழுத்தைச் சிறிதாக்கிப் படத்தைப் பெரிதாக்கிவிட்டோம்.

கண்ணைப் பார்த்துப் பேசும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு அது பெரிய அவஸ்தை. வேறெங்கோ பார்த்தபடியே நன்றாகக் கேட்பார்கள். வீட்டுத் தாத்தா பாட்டிகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

அறைக்குள் பழகியது வெளியே போனால் கைகொடுக்காமல் போவது உண்டு. அதனால் மாதக் கடைசியில் மார்க்கெட்டுக்குப் போகிறோம். எங்கே போவோம், என்ன வாங்குவோம் என்பதை முன்னதாகவே படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுகிறோம். ஹாரன் சத்தம் தாங்காதவர்களுக்குக் காதுமூடி உண்டு. கேரட் வாங்க நம் பிள்ளை காசை நீட்டினால், பின்னால் நிற்கும் அம்மாவிடம் விலை சொல்லும் கடைக்காரர்களே அதிகம். பிள்ளையிடமே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம், சிலர் மாறியிருக்கிறார்கள். சமூகத் திறன் பயிற்சி அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது!

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலானது. புதுப்பிக்க மறந்தவர்கள் இன்றே என்னிடம் தாள்களைக் கொடுக்கலாம்.

வருகைதான் கவலை. தேயிலைக் கொழுந்து மிகும் மாதங்களில் தோட்டத்துத் தாய்மார்களால் சனிக்கிழமைக் கூலியை விட்டு வர முடியவில்லை. ஒருமுறை வந்து பலமுறை விடுபடும் பிள்ளை, ஒவ்வொரு முறையும் புதிய முகங்களிடையே உட்காருகிறது. ஆகவே குழுவை ஞாயிறு காலைக்கு மாற்றும் தீர்மானத்தை முன்வைக்கிறேன். கோயில், சர்ச் செல்லும் குடும்பங்கள் தங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொன்ன பிறகு வாக்கெடுப்பு நடத்தலாம்.

செயலாளர்