குடியிருப்போர் நலச் சங்கம், சத்துவாச்சாரி, வேலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள பதினேழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் கோலப்போட்டி, கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டு, நான்கு முறை கூடியது.

நினைவு வரைபட முயற்சியை வெட்டிவேலை என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதியதால், அதுபற்றி விளக்கம் அளிக்க வேண்டியுள்ளது. கெவின் லிஞ்ச் என்னும் அமெரிக்க நகரமைப்பு அறிஞர், பாஸ்டன் உள்ளிட்ட மூன்று நகரங்களை ஆராய்ந்து, அங்கு வாழ்வோரை ஊரை நினைவிலிருந்தே வரையச் சொல்லி, பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமிடம், அடையாளச் சின்னம் ஆகிய ஐந்தைக் கொண்டே மக்கள் தம் ஊரை மனத்தில் இருத்துகின்றனர் என்று 1960இல் எழுதினார். அதையொட்டி வீட்டுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். நாற்பத்தொன்று திரும்பி வந்தன.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஆட்சியர் அலுவலகத்தைத் தீப்பெட்டி அளவிலும், புங்கமரத்தடி இஸ்திரி வண்டியை உள்ளங்கை அளவிலும் வரைந்திருந்தாள். முதிய அம்மையார் ஒருவர் தெருவையே விட்டுவிட்டு, கோட்டை அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் வரைந்திருந்தார். 1981இல் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளும் வரை லிங்கம் சத்துவாச்சாரியில்தான் இருந்தது என்பதால், "அது நம்ம சாமிதானே" என்றார். 'நம்ம' என்ற அவருக்கு இங்கே சொந்த வீடு கிடையாது. 1974 முதல் வாடகைதான். பதினெட்டு ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வசிக்கும் உறுப்பினர் ஒருவரோ, தம் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை ஒரே கோடு இழுத்து, 'சென்னை' என்று அம்புக்குறி போட்டுத் தந்தார். சந்தா நிலுவைப் பட்டியலிலும் அவர் பெயர் இருப்பது தற்செயலே.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மழையில் நிரம்பிக் கிடந்தபோது, பலகை போட்டு, இரவில் சிவப்புத்துணி கட்டியவர்கள் குடித்தனக்காரர்கள். நம் துணைவிதிப்படி அவர்களுக்கு வாக்குரிமை இல்லை; பூட்டிய வீட்டின் உரிமையாளருக்கு உண்டு. இதனை மாற்றும் தீர்மானம் போதிய உறுப்பினர் வருகை இன்றி இருமுறை ஒத்திவைக்கப்பட்டது.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு மகிழும்படி இல்லையெனினும் அஞ்சும்படியும் இல்லை. நாற்காலி அளித்தவர்களுக்கும், தேநீர் வழங்கியோருக்கும் நன்றி.

மகன் பெங்களூருக்கு வந்துவிடும்படி அழைக்கிறான். செயலாளர் பொறுப்பேற்க முன்வருவோர், என் பீரோவில் உள்ள அந்த நாற்பத்தொரு தாள்களையும் சேர்த்தே பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். துணைவிதித் திருத்தம் இன்று நிறைவேறுமாயின், பயணத்தைத் தள்ளிப்போடுவதில் எனக்குத் தடையில்லை.

இப்படிக்கு,
செயலாளர்