ஒரு தவறை வைத்துப் பின்கள வீரனை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் மட்டக்களப்பில், தோற்ற அணி உடனே வெளியேறும் விலகல் முறையில் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றின் அரையிறுதியைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. பின்கள வீரர் விட்ட தவறால் விழுந்த ஒரே கோல் ஆட்டத்தை முடிவுசெய்தது என்று அதில் இருந்தது. செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்று பக்கக் கோட்டருகே நின்று ஆட்டம் முழுவதையும் பார்த்தவன் நான். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவனைப் பற்றி அந்த நான்கு வரி சொல்லாமல் விட்டதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அன்று கச்சான் காற்று பலமாக வீசியது. பத்தாவது நிமிடம் அளவில் எதிரணிக் கோல்காப்பாளர் காற்றோடு உதைத்த பந்து வழக்கமான இடத்தில் விழும் என்று எண்ணி இந்தத் தம்பி இரண்டடி முன்னே வந்தான். பந்து அவன் தலைக்கு மேலால் போயிற்று. பின்னால் ஓடிவந்தவர் கோலை அடித்தார். இடைவேளைக்குள் அதே கோல்காப்பாளர் இன்னும் ஏழெட்டுத் தடவை அப்படியே உதைத்தார். ஒவ்வொரு முறையும், பந்தில் அவர் கால் படுவதற்கு முன்பே, தம்பி நாலைந்து அடி பின்வாங்கி நின்றான். ஒரு பந்தாவது அவனைத் தாண்டவில்லை. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியது. காற்றை எதிர்த்து வரும் பந்து குறுகி விழும் என்று கணித்து, இப்போது முன்னேறி நின்று தலையால் முட்டித் திருப்பினான். அவனுக்கு யாரும் கத்திச் சொல்லவில்லை. தானே கண்டு தானே திருத்திக்கொண்டான்.

மறுவாரம் கழகம் அவனை முன்வரிசையின் ஓரத்துக்கு மாற்றிவிட்டது. பின்னால் நிற்க நம்ப முடியாதாம். எனக்கு இது மிகுந்த வேதனையாக இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்வரிசையில் ஆடி, பிறகு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு பின்கள வீரன் முதற் பதினொருவரில் நிலைப்பானா என்று பார்க்க விரும்புகிறவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பந்து மறுகரையில் இருக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கிறானா? எதிராளி பந்தோடு வரும்போது நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்கிறானா, அல்லது உடலைச் சற்றே சரித்து அவரைப் பக்கக் கோட்டை நோக்கி, பழக்கமில்லாத காலை நோக்கி, தள்ளிக்கொண்டு போகிறானா? எதிராளியை ஓஃப்சைட்டில், அதாவது பந்து கொடுக்கப்படும்போது பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில், சிக்கவைக்கப் பின்வரிசை நால்வரும் ஒன்றாக முன்னேறும்போது இவன் ஒருவன் பிந்தினால் எதிரணியில் எல்லோருக்கும் வழி திறந்துவிடும். அந்த நேரத்தில் இவன் குரல் கேட்கிறதா?

வெபர் மைதானமாக இருந்தாலும், கல்லடிக் கடற்கரை மணலாக இருந்தாலும், நம் சனங்களின் கைதட்டல் விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிப்பவனுக்குத்தான் கிடைக்கிறது. நானும் இளமையில் அந்தக் கைதட்டலுக்காக ஆடியிருக்கிறேன். பல நேரங்களில் அந்தச் சறுக்கலுக்குக் காரணம், மூன்று விநாடிக்கு முன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததுதான். சரியான இடத்தில் நிற்பவனின் காற்சட்டையில் மண் படுவது குறைவு. அவனுக்குக் கைதட்டலும் குறைவு.

வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. பாவோலோ மால்டினி 1985 ஜனவரியில், பதினாறு வயதில், இத்தாலியின் ஏசி மிலான் அணிக்காக இறங்கி 2009 வரை அதே கழகத்தில் ஆடினார். பிரான்ஸின் பின்கள வீரர் வில்லியம் சலிபாவை இங்கிலாந்துக் கழகமான ஆர்சனல் 2019இல் பதினெட்டு வயதில் வாங்கியது. ஆனால் மூன்று ஆண்டுகளாக அவருக்கு இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. சென் எத்தியன், நீஸ், மார்செய் என்று பிரான்ஸுக்கே இரவல் கொடுத்தார்கள். மார்செய் அணியில் தொடர்ந்து ஆடிய அந்தப் பருவத்தில்தான் பிரான்ஸ் தேசிய அணி அவரைத் தேடி வந்தது. 2022 ஆகஸ்டில் ஆர்சனலுக்காக முதன்முறை இறங்கினார். 2023-24 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களிலும் அவரே ஆடினார். அவரை வளர்த்தது வாராவாரம் கிடைத்த ஆட்டம்.

நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அதுதான். மாரி மழையில் மைதானங்கள் நீரில் நிற்கின்றன; எஞ்சிய மாதங்களில் கழகங்கள் பல, மைதானங்கள் சில. அதனால் ஏற்பாட்டாளர்கள் விலகல் முறையை நாடுகிறார்கள். அவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் தோற்றால் வீடு என்ற ஆட்டத்தில் எந்தப் பயிற்றுவிப்பாளர் பதினெட்டு வயதுப் பையனைப் பின்வரிசையின் நடுவில் நிறுத்தத் துணிவார்? முன்கள வீரனைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். பின்வரிசையை ஆட்டத்தின் நடுவில் யாரும் விரும்பிக் கலைப்பதில்லை. ஐந்து மாற்று வீரர்களுக்கு இடம் கிடைக்கும் போட்டிகளில்கூட அந்த வாய்ப்புப் பெரும்பாலும் முன்னால் ஆடுபவர்களுக்கே போகிறது. ஆகவே இளம் பின்கள வீரனுக்கு வாய்ப்பு வந்தால் முழு ஆட்டமாக வரும். தவறிவிட்டால் அதுவே கடைசியாகவும் ஆகிவிடும்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சுற்றுப்போட்டி நடத்துவோரிடம் என் வேண்டுகோள்: முதற்கட்டத்தையாவது குழு முறையில் நடத்தி, ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டங்களை உறுதிசெய்யுங்கள். கழகங்கள் ஒரு பின்கள வீரனைத் தெரிவுசெய்தால், பத்து ஆட்டம் முடியும் வரை அவன் இடத்தை மாற்றாதிருக்கட்டும். பதினாறு வயதுப் பிரிவில் உடல் பலத்தால் வென்றவனைப் பெரியவர்களோடு ஆடவிட்டும் பாருங்கள். பலம் சமமாகும்போதுதான் அவனுடைய புத்தி வெளியே தெரியும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஐயா. அடுத்த சுற்றுப்போட்டிக்கு உங்கள் செய்தியாளர் வரும்போது, ஒரு பாதி நேரம் மட்டும் பந்தை விட்டுவிட்டு ஏதாவது ஓர் இளம் பின்கள வீரனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை அதே நான்கு வரியில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
பழைய பின்கள வீரர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.