சேற்றையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரையோரத்தை அதன் உயிர்வளம் பார்த்துத் தரம் பிரித்து, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுப்பது நல்ல ஏற்பாடுதான். 2019-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடற்புல், மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, உயிர்ப்புள்ள சேற்றுப்பரப்பு எல்லாவற்றையும் 1-ஏ என்ற மிகக் கடுமையான காப்புப் பிரிவில் வைத்துக் காக்கிறது. பட்டியலில் குறையில்லை. வரைபடத்தில் கோடு போடும்போதுதான் சிக்கல்.

அலையாத்தி செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்துவிடும். சேறு மேலிருந்து பார்ப்பவருக்கு வெறும் பொட்டல். கடல்நீர் ஏறி இறங்கும் எண்ணூர்க் கழியில் இருளர் பெண்கள், பிடித்ததைப் போட்டுவைக்கும் பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இரு கையாலும் அந்தச் சேற்றைத் துழாவித்தான் இறால் பிடிக்கிறார்கள். எங்கே உயிர் இருக்கிறது, எங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து செத்துவிட்டது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். கோடு போடுகிறவர்கள் அவர்களைக் கேட்பதாகத் தெரியவில்லை.

அளவுகளிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கழியோரத்தில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் வரை காப்புக் கொடுத்தது; 2019-இல் அது 50 ஆகிவிட்டது. கழியின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம்தான் கணக்கு. கழியில் மண்ணைக் கொட்டிக் குறுக்குகிறவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? அலையாத்திக்கும் 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால்தான் 50 மீட்டர் காப்பு. நண்டுக்குஞ்சு சதுர மீட்டர் பார்த்தா ஒதுங்குகிறது?

2023-இல் இந்த அறிவிக்கைப்படி தயாரித்த தமிழகக் கடற்கரை மண்டல மேலாண்மை வரைவுத் திட்டம் கருத்துக்கேட்புக்கு வந்தபோது, வலை காயப்போடும் இடமும் படகு ஏற்றும் இடமும் படத்தில் இல்லை என்று மீனவர்கள் கொதித்தார்கள். 1:4,000 அளவிலான ஊர் வரைபடத்தைச் சர்வே எண்களோடு, தமிழில், மீன் ஏலக்கூடத்திலேயே ஒட்டிவிட்டுப் பிறகு ஒப்புதல் கொடுக்கட்டும்.

கடல்நீர் எதுவரை ஏறுகிறது என்பதை ஆண்டின் வறண்ட பருவத்தில் உப்பளவு பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 2019 அறிவிக்கையே சொல்கிறது. அதேபோல் சேற்றுக்குத் தரம் போடுகிறவர்களும் நீர் வற்றும் நேரத்தில், அதில் இறங்கிப் பிழைப்பவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்த பிறகே கோடு போட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், எண்ணூர்