கலை வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

ரஷ்ய யதார்த்தவாதம் என்ற பாடம் வந்தால், வோல்கா ஆற்றங்கரையில் நடந்தபடி படகை வார்கட்டி இழுக்கும் கூலியாட்களை ஓவியர் இலியா ரேபின் வரைந்த 'வோல்காவில் படகிழுப்போர்' திரையில் விழும். "ஜார் காலத்து உழைப்பாளிகளின் துயரம்" என்று ஒரு வரி, அப்புறம் அடுத்த படம். அந்த வரியில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் ஓவியத்தில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போகிறது. இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

படத்தில் இருப்பவர்கள் 11 பேர். ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் தலையில் துணி கட்டியிருப்பவர் கானின். ஒரு காலத்தில் பாதிரியார். 1870 கோடையில் வோல்காக் கரையில் தங்கியிருந்தபோது ரேபின் மயங்கிப்போன முகம் அது. அடிமையாக விற்கப்பட்ட கிரேக்கத் தத்துவஞானியைப் போல அவருக்குத் தோன்றியதாம். நெட்டையான இன்னொருவர் வாயில் பைப்போடு நிமிர்ந்து வருகிறார். அவர் இழுப்பதாகவே தெரியவில்லை. (எந்த வேலையிடத்தில்தான் இப்படி ஒருவர் இல்லை?) நடுவில் செஞ்சட்டைப் பையன் லார்கா, மார்பை அழுத்தும் வாரைக் கையால் பிடித்தபடி தலைநிமிர்ந்து பார்க்கிறான். தொலைவில் ஒரு நீராவிக் கப்பல் புகை விடுகிறது. இவர்களுடைய பிழைப்பே முடியப்போகிறது என்பதை அந்தச் சின்னப் புகை சொல்லிவிடுகிறது.

1873-இல் முடிந்த இந்த ஓவியத்தை வாங்கியது யார் தெரியுமா? ஜார் மகன் விளாதிமிர். மாட்டியது பில்லியர்ட்ஸ் அறையில்!

இதே பாடத்தில், 1863-இல் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தின் தங்கப் பதக்கப் போட்டிக்கு வடஐரோப்பியப் புராணக் கடவுள் ஓடினின் விருந்தைத் தலைப்பாகக் கொடுத்ததும், விருப்பமான பொருளை வரைய விடுங்கள் என்று கேட்டு மறுக்கப்பட்ட 14 மாணவர்கள் வெளியேறியதும் நீங்கள் நடத்துவதுதான். அவர்களுக்கு முன்னின்ற கிராம்ஸ்கோய் பின்னாளில் வரைந்த மினா மொய்சேயெவ் என்ற விவசாயியையும் காட்டுங்கள். 1882-இல் வரைந்தது. நீலச் சட்டை, கண்ணோரச் சுருக்கம், தாடிக்குள் ஒளிந்த குறும்பு. இவரைத் 'துயரம்' என்ற பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

தேர்வுக் கேள்வியையும் கொஞ்சம் மாற்றலாம். 'இவ்வோவியம் காட்டும் சமூக நிலையை விளக்குக' என்பது போதும் போதும் என்றாகிவிட்டது. '11 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எப்படி நிற்கிறார், எங்கே பார்க்கிறார், எவ்வளவு இழுக்கிறார் என்று எழுதுக' என்று கேட்டுப் பாருங்கள். கைடில் விடை கிடைக்காது.

அன்புடன்,
ஓர் ஓவிய ரசிகன்