ஃப்ரீசரில் இடம் கொடுத்தவருக்கு

கலை ஆய்வு வாரத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்,

அன்றிரவு எங்கள் கட்டடத்தில் தண்ணீர் புகுந்து ஆய்வு மாணவர்களின் குறிப்பேடுகள் நனைந்ததை விரிவாக மீண்டும் எழுதப் போவதில்லை. வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசிக் குறிப்பேடும் உலர்ந்து இன்று காலை உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனம் நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தண்ணீர் புகுந்ததும் விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் நோக்கித்தான் எல்லோரும் ஓடினோம். விலையுள்ளவை, மின்சாரம் பாய்பவை. வேறெப்படி ஓடியிருக்க முடியும்? ஒத்திகை அறையின் கீழ்த்தட்டில் ஆய்வு மாணவர்களின் குறிப்பேடுகள் நனைந்து கிடப்பது விடியும் நேரத்தில்தான் கண்ணில் பட்டது. காட்சிக்கான ஓவியங்கள் மேல்தளத்தில் பத்திரமாக இருந்தன. அதைக் கேட்டு நிம்மதியடைந்த பலர், "நோட்டுகள்தானே" என்று எங்களைத் தேற்றினார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எங்கள் துறையில் அந்த நோட்டுகள்தான் ஆய்வு.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியே செய்யும் ஆய்வு என்று 1993இல் பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோஃபர் ஃப்ரைலிங் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வகை. ஆடியும் வரைந்தும் இசைத்தும்தான் தங்கள் கேள்விக்கு விடை தேடுகிறார்கள். அரங்கேற்றம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த அசைவை ஏன் கைவிட்டார்கள், எந்த ஒத்திகையில் கேள்வியே திசை மாறியது என்பதெல்லாம் பக்கத்தோரக் கிறுக்கல்களில் மட்டுமே இருக்கும். ஒரு முயற்சியை ஆய்வு என்று சொல்ல வேண்டுமானால் அது புதிதாக, படைப்பூக்கத்தோடு, முடிவு முன்கூட்டியே தெரியாததாக, முறைப்படி அமைந்ததாக, பிறர் எடுத்தாளக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது, எது ஆய்வு என்று வரையறுத்து அளவிடப் பல நாடுகள் பயன்படுத்தும் ஃப்ரஸ்காட்டி கையேட்டின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு. கடைசி இரண்டுக்கும் எங்களிடம் இருக்கும் சாட்சி அந்தக் குறிப்பேடுகள்தான்.

நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். தரையில் விரித்து மின்விசிறி போட்டுப் பார்த்தோம். குவியல் குறைவதாகவே தெரியவில்லை. அப்போதுதான் எதிர்க்கட்டடத்துத் தாவரவியல் ஆய்வகத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். எங்கள் நிகழ்ச்சிகளுக்கு அவர் வந்து பார்த்ததில்லை. எங்களில் யாருக்கும் அவரோடு பழக்கமும் இல்லை. குவியலைச் சற்று நேரம் பார்த்தார். "இதில் எதெல்லாம் திரும்ப எழுத முடியாதது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தன் துறையினரிடம் பேசி, மாதிரிகளை வேறு பெட்டிகளுக்கு மாற்றி, ஒரு முழு ஃப்ரீசரைக் காலிசெய்து துடைத்துக் கொடுத்தார். உறையவைத்துவிட்டால் பூஞ்சை வளராது, மையும் அதற்கு மேல் பரவாது; ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்த அவகாசம் கிடைக்கும். நூலகத்தின் ஆவணக் காப்புப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, குறிப்பேடுகளுக்கிடையே மெழுகுத்தாள் வைத்து, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி, நெருக்காமல் அடுக்கினோம். வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்கள் காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவை முதலில் உள்ளே போயின. மிக மோசமாக நனைந்தவற்றைப் பிறகு ஆய்வகத்தின் உறைஉலர்த்தியில் வைத்துத் தந்ததும் அவர்தான். பனி நீராகாமல் நேரே ஆவியாகிவிடுவதால், தண்ணீரில் கரையும் மையால் எழுதிய பக்கங்கள்கூடப் பிழைத்தன.

இவ்வளவையும் விட என்னை நெகிழவைத்தது வேறொன்று. ஒவ்வொரு கட்டுக்கும் அவர் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஆய்வாளர் பெயர், உள்ளே வைத்த நேரம், பென்சிலா மையா, தளர்ந்த பக்கங்கள் உண்டா என்று தன் இலை மாதிரிகளுக்கு எழுதும் அதே ஒழுங்கில், அதே கையெழுத்தில். கலைத்துறைக்கு ஆய்வு என்று சொல்லிக்கொள்ளத் தகுதி உண்டா என்று எத்தனையோ கூட்டங்களில் வாதாடியிருக்கிறோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தரவு என்றால் எப்படிக் கையாள்வாரோ அப்படியே கையாண்டார். ஒரு மாணவி தன் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அக்கா தன் வேலைக்குப் போய்விட்டார். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போடவில்லை. ஆனால் அக்கா, அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட யாரும் கிழித்து எறியவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். இசைத்துறை தன் கூடத்தைத் தந்தது. வாய்மொழித் தேர்வைத் தள்ளிவைக்கச் சம்மதித்த புறத்தேர்வாளர்கள், இரவோடிரவாகக் கோப்பை நகர்த்திய நிதிப் பிரிவினர், சாவிக்கொத்தோடு எங்கள் கூடவே நின்ற காவலர், நாற்காலி போதாமல் படிகளில் அமர்ந்து நிகழ்ச்சி பார்த்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. விடுதி மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நோட்டுகளை வெளியே கொண்டுவந்தபோது, 1966இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர வெள்ளத்தில் நூலகப் புத்தகங்களைச் சேற்றிலிருந்து மீட்க ஓடிவந்த இளைஞர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று அவர்களை அழைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

எல்லாம் மீளவில்லை. ஒருவருடைய வண்ணக் குறிப்புகள் முழுவதும் கரைந்துவிட்டன. அவரோடு ஆடியவர்கள் சுற்றி உட்கார்ந்து, தங்கள் உடம்பில் இருந்த நினைவை வைத்து ஒத்திகை ஒத்திகையாக அவருக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த உரையாடல்களைப் பதிவு செய்து ஆய்வேட்டில் ஒரு பகுதியாகவே சேர்க்கப் போகிறாராம். செய்ய வேண்டிய காரியம்.

இனி ஒவ்வொரு குறிப்பேடும் வாரந்தோறும் படியெடுக்கப்படும். படிகள் வேறொரு கட்டடத்தில் இருக்கும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பே இதுதான். அடுத்த ஆண்டு நிகழ்ச்சியில் தாவரவியல் துறையினருக்கு முதல் வரிசை. குறிப்பேடுகளை அப்போது கண்காட்சியாகவே வைக்கப் போகிறோம், ஒட்டிய சீட்டுகளோடு.

இன்னொன்று. அன்றிரவு யாரோ வாசலில் ஒரு மூட்டை நிறையத் துண்டுகளும் பழைய போர்வைகளும் வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். யாரென்று இன்றுவரை தெரியவில்லை. துவைத்து மடித்து அரங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் நேரில் நன்றி சொல்ல வேண்டும்.

கலை ஆய்வு வார ஒருங்கிணைப்புக் குழுவுக்காக,
ஒருங்கிணைப்பாளர்