‘மண்டலம்’ என்றால் எந்த மண்டலம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை கீழமாசி வீதியிலுள்ள மொத்த வியாபாரக் கடைகள் சிலவற்றுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். சிட்டையும் பேரேடும் போய், இன்று அந்தக் கணக்குகளெல்லாம், இணையம் வழியாக வேறெங்கோ உள்ள கணினிகளில் இயங்கும் மேகக்கணி (கிளவுட்) மென்பொருள்களில் இருக்கின்றன. திரையைத் தமிழில் வைத்துப் பார்க்கும் முதலாளிகளும் பெருகிவிட்டார்கள். அந்தத் திரையில், நம் விவரங்கள் எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன என்பதைச் சொல்லும் பகுதிக்கு வைத்திருக்கும் சொற்களைப் பற்றியே இக்கடிதம்.

சென்ற ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேளையில், பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவு செய்திருக்கும் ஒரு பருப்பு வியாபாரியிடம், கணக்கு இந்தியாவில்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டி, “இந்தா போட்டுருக்குல்லண்ணே, மண்டலம் கொல்கத்தானு” என்றார். திரையில் இருந்தது ‘நேர மண்டலம்: ஆசியா/கொல்கத்தா’. அது கடிகாரத்துக்கான அமைப்பு. இந்திய நேரத்துக்குக் கணினிகளில் வழங்கும் பெயர் அது என்பதால் மதுரையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். நான்கு வரி கீழே, ‘தரவு வதிவிடம்’ என்ற தலைப்பில், ‘மண்டலம்: ஆசியா பசிபிக் 1’ என்று மட்டும் இருந்தது. அந்த ‘ஆசியா பசிபிக் 1’ சிங்கப்பூர் என்பது உதவிப் பக்கத்தைத் துருவிய பிறகே தெரிந்தது. அந்த உதவிப் பக்கத்திலோ அதே அமைப்புக்குப் பெயர் ‘தரவுக் குடியிருப்பு’. குடியிருப்பு என்றதும் எங்களூரில் எல்லீஸ் நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு நினைவுக்கு வருமே தவிர, விவரங்களைச் சேமித்து வைக்கும் கணினியான சர்வர் வராது. ‘வதிவிடம்’ நல்ல தமிழ்ச் சொல்தான். இலங்கைத் தமிழர் அன்றாடம் புழங்குவதுதான். ஆனால் எங்கள் கடைவீதியில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

‘மண்டலம்’ இதைவிடச் சிக்கலானது. மேகக்கணிச் சேவைகளில் ஓர் ஊரையோ அதன் சுற்றுப்புறத்தையோ மையமாகக் கொண்ட தரவு மையத் தொகுதி, அதாவது சர்வர்கள் நிறைந்த கட்டடங்களின் கூட்டம், ஒன்று உண்டு. அதற்குள், ஒன்று பழுதானாலும் மற்றது இயங்கும்படி தனித்தனியாக அமைந்த பிரிவுகள் உண்டு. தமிழாக்கத்தில் இரண்டுக்குமே ‘மண்டலம்’ என்று போடுவதால், ‘ஒரு மண்டலத்தில் மூன்று மண்டலங்கள்’ என்ற விளக்கத்தைப் படித்துத் திகைக்க வேண்டியிருக்கிறது. மாநகராட்சியின் 100 வார்டுகளை 5 மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கும் ஊரில், இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

சொல் தெளிவாக இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். கம்பெனிகளின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்னணு முறையில் பராமரிக்கப்படும் கணக்குப் புத்தகங்களின் காப்பு நகல், நாள்தோறும், இந்திய மண்ணில் அமைந்திருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும். ஆகவே, மேற்படி வியாபாரியின் மூலக் கணக்கு சிங்கப்பூரில் இருந்தது மட்டுமே தவறாகாது. காப்பு நகல் எங்கே என்பதுதான் கேள்வி. அதற்குத் திரையில் ஒரு சொல்கூட இல்லை. பணப் பரிவர்த்தனை விவரங்கள் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ஆணையிட்ட ரிசர்வ் வங்கியும், மறு ஆண்டு தந்த விளக்கத்தில், செயலாக்கம் வெளிநாட்டில் நடக்கலாம், ஆனால் ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரம், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் விவரங்களை அங்கே அழித்துவிட்டு இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று பிரித்தே சொன்னது. சேமிப்பு வேறு, செயலாக்கம் வேறு, காப்பு நகல் வேறு. மூன்றையும் ‘வதிவிடம்’ என்ற ஒரே கூரைக்குள் அடைத்தால், சட்டம் கேட்கும் கேள்விக்குத் திரை பதில் சொல்லாது.

இந்த வேறுபாடு எங்கள் வியாபாரிகளுக்குப் புதிதல்ல. துவரை குடோனில் இருக்கிறதா, உடைக்க மில்லுக்குப் போயிருக்கிறதா என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். அதே பேச்சில் எழுதினால் போதும்: ‘விவரங்கள் சேமிக்கப்படும் நாடு’, ‘செயலாக்கம் நடக்கும் நாடு’, ‘காப்பு நகல் இருக்கும் நாடு’. சொல் நீள்கிறது என்பார்கள்; நீளட்டும். ‘டேட்டா’ என்று எழுதிச் சுருக்கவும் வேண்டாம், கடைப் பையன்களுக்கு டேட்டா என்றால் ரீசார்ஜ் செய்வது. தரவு மையத் தொகுதியைக் குறிக்க ஊர்ப் பெயரையே போடலாம்: மேகக்கணிச் சேவை தரும் அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் அவை இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ‘மத்திய இந்தியா’ என்று பெயரிட்டிருப்பது புனே நகரை. நம்மவர்கள் அதைப் போபால் என்றுதான் எண்ணுவார்கள்.

இன்னொன்றையும் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். பல சேவைகளில் இந்தத் தேர்வைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் செய்ய முடியும். எங்கள் வியாபாரிக்காக நாங்கள் இந்தியாவைத் தேர்ந்து புதிதாகப் பதிவு செய்து, பழைய விவரங்கள் அனைத்தையும் இறக்கி மறுபடி ஏற்ற இரண்டு இரவுகள் ஆயின. ‘பிறகு மாற்ற இயலாது’ என்ற மூன்று சொற்கள் தேர்வுப் பட்டியலுக்கு மேலே இருந்திருந்தால் அந்த இரண்டு இரவுகளும் மிஞ்சியிருக்கும்.

மதுரையிலுள்ள உலகத் தமிழ்ச் சங்கமும் சென்னையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகமும் இத்தகைய அமைப்புச் சொற்களுக்காக ஒரு நாள் அமர்வு கூட்டி, மொழியறிஞர்களோடு கணக்கர்களையும் கடைக்காரர்களையும் உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லையும் திரையிலேயே காட்டி, என்ன புரிகிறது என்று கேட்க வேண்டுகிறேன். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்திலும் ‘தரவு’, ‘தகவல்’ ஆகிய இரண்டும் ஒரே செய்தியில் மாறி மாறி வருகின்றன. அவற்றுள் ஒன்றை நிலைப்படுத்தினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
கணக்கர் ஒருவர்,
கீழமாசி வீதி, மதுரை.